செயல்திட்டம் வழியாகப் பாடம்: பிள்ளைகள் கற்கிறார்களா, அட்டை ஒட்டுகிறார்களா?

அளவுகோல்:
ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் வாரத்தில் ஒரு பிற்பகலை முழுசாகச் செயல்திட்டத்துக்கு (புராஜெக்ட்) ஒதுக்கலாமா என்று எங்கள் பள்ளியில் பேச்சு நடக்கிறது. நான் அறிவியல் ஆசிரியை, ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. காரணத்தைச் சொல்வதைவிட, போன வருஷம் பத்தாம் வகுப்பில் நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

"வகுப்பில் பின்பெஞ்சுக்கு ஏன் பாடம் கேட்கவில்லை?" இதுதான் கேள்வி. ஆறு வாரம் கொடுத்தேன். பிள்ளைகள் ஐந்து செல்போனில் ஒலி அளக்கும் செயலியை இறக்கிக்கொண்டு கிளம்பினார்கள். முதல் நாளே சிக்கல். ஒரே மேசையில் வரிசையாக வைத்த ஐந்து போனும் ஐந்து விதமாகக் காட்டின, ஒன்றில் 58 டெசிபல், இன்னொன்றில் 67. எது சரி என்று ஒரு பிற்பகல் முழுக்கச் சண்டை. கடைசியில் ஒரு போனை அடிப்படையாக வைத்து மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். அளவுத்திருத்தம் என்ற சொல்லை அன்றைக்குத்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன், சொல்லுக்கு முன்னாலேயே காரியத்தைச் செய்துவிட்டிருந்தார்கள்.

அப்புறம் சராசரி. ஒரு நிமிஷம் 60, அடுத்த நிமிஷம் 80, ஆகவே சராசரி 70 என்று எழுதியிருந்தார்கள். டெசிபல் மடக்கை (லாகரிதம்) அளவு, பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும், அப்படிக் கூட்டிப் பாதியாக்க முடியாது, ஆற்றலாக மாற்றிச் சராசரி எடுத்துத் திரும்ப மாற்றினால் 77 வரும் என்று கரும்பலகையில் போட்டேன். அந்த இருபது நிமிஷம் வகுப்பில் அசைவில்லை. மடக்கையை அதற்கு முன்பு கணக்கு வகுப்பில் நடத்தியாயிற்று, அப்போது யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்னதைத் தேடிப் பிடித்தது ஒரு பையன். மின்விசிறி மட்டும் ஓடும்போதே அதைத் தாண்டியது. நாற்காலிக் காலுக்கெல்லாம் ரப்பர் மாட்டி, முன்னும் பின்னும் அளந்து, வரைபடம் போட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அளப்பது, சந்தேகப்படுவது, தரவை அட்டவணையில் போடுவது, நாலு பேருக்குப் புரிய எழுதுவது. இன்றைக்கு எந்த வேலைக்குப் போனாலும் இதுதானே தேவை?

கரும்பலகை:
டீச்சர், நல்ல வகுப்பு நடத்தியிருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் கதையிலேயே என் வாதம் இருக்கிறது. அந்த இருபது நிமிஷம் யார் சொல்லிக் கொடுத்தது? நீங்கள். கரும்பலகையில், நேரடியாக. அவர்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருந்தால் 70 என்றே எழுதிக் கடிதம் போயிருக்கும்.

இருபத்து மூன்று வருஷமாகக் கணக்கு நடத்துகிறேன். இந்தச் செயல்திட்ட முறை ஏதோ புதுசு என்பதுபோல் வருகிறது. வில்லியம் கில்பாட்ரிக் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் இருந்துகொண்டு இதைப் பற்றிக் கட்டுரை எழுதியது 1918இல். நூறு வருஷத்துக்கு மேலாக வருவதும் போவதுமாக இருக்கிறது. 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி உளவியலாளர்கள் மூவரும் எழுதியதைப் படியுங்கள். மனித மூளையின் செயல்நினைவு, அதாவது ஒரே சமயத்தில் மனதில் பிடித்துவைக்கும் இடம், மிகச் சிறியது, புதுசாகக் கற்பவனிடம் வழிகாட்டல் இல்லாமல் பெரிய பிரச்சினையைக் கொடுத்தால் தேடுவதிலேயே அது நிரம்பிவிடும், கற்க இடம் இருக்காது. அவனுக்கு வேண்டியது போட்டுக் காட்டிய கணக்குகள். கைவந்த பிறகு தனியாக விடலாம். நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு "அனுபவம்" என்று சொல்லக்கூடாது.

பதினொன்றாம்_வகுப்பு:
நான் மாணவி. ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. எங்க குழுவில் ஆறு பேர். வேலை செஞ்சது நானும் இன்னொரு பொண்ணும் மட்டும்தான். ஒருத்தன் கடைசி நாள் வந்து அட்டையில் எல்லார் பேரையும் அழகா எழுதினான், அவனுக்கும் எனக்கும் ஒரே மதிப்பெண். இன்னொருத்தன் அறிக்கை முழுசையும் சாட்ஜிபிடியில் எழுதி வாங்கி அப்படியே ஒட்டிட்டான், அதில் நாங்க செய்யாத சோதனை ஒண்ணும் இருந்தது. நானே உட்கார்ந்து அதை நீக்கினேன். குழுவா வேலை செய்யக் கத்துக்கிட்டியான்னு கேட்டா, இனிமே யாரையும் நம்பக்கூடாதுன்னுதான் கத்துக்கிட்டேன்.

நிரலாளி:
தங்கச்சி சொன்னது வேலையிடத்திலும் நடக்கிறதுதான், ஆனால் அதற்காக விட்டுவிட முடியாது. நான் மென்பொருள் எழுதுகிறவன், புதுசாக வருகிறவர்களுக்கு நேர்காணலும் எடுக்கிறேன். நல்ல மதிப்பெண்ணோடு வருகிறார்கள், கேள்வி புத்தகத்தில் இருந்தபடி இருந்தால் பதில் வருகிறது. நிரல் ஓடாமல் திரையில் பிழைச்செய்தி வந்தால் மட்டும் கை அப்படியே நின்றுவிடுகிறது. அந்தச் செய்தியில் எந்தக் கோப்பு, எந்த வரி என்று எழுதியே இருக்கும், படிக்க மாட்டார்கள், நம் முகத்தைப் பார்ப்பார்கள். தப்பாகப் போகிற ஒன்றோடு ஒரு நாள்கூடத் தனியாக உட்கார்ந்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள். பதினைந்து வயதில் அந்த ஐந்து போன் சண்டையைப் போட்ட பிள்ளை என்னிடம் வந்தால் உடனே எடுத்துக்கொள்வேன்.

கரும்பலகை:
தம்பி, பிழைச்செய்தியைப் படிப்பது பொதுவான திறன் இல்லை. நிரலில் மாறி (variable) என்றால் என்ன, கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் அந்த வரி எதையாவது சொல்லும். மருத்துவர் எக்ஸ்ரே பார்ப்பதும் அப்படித்தான். "சிக்கல் தீர்க்கும் திறன்" என்று தனியாக ஒன்றைப் புட்டியில் அடைத்துக் கொடுக்க முடியாது, அது ஒவ்வொரு துறையின் அறிவுக்குள்தான் வளரும்.

சான்று கேட்பவர்களுக்கு ஒன்று. இங்கிலாந்தில் கல்விக் கொடை அறக்கட்டளை, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செயல்திட்ட முறையைச் சோதித்து 2016இல் அறிக்கை வெளியிட்டது. எழுத்தறிவில் தெளிவான பலன் இல்லை. இலவச மதிய உணவு பெறும் ஏழைப் பிள்ளைகள் மற்ற பள்ளிகளில் உள்ள அதே நிலைப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியதாகத் தெரிந்தது. எனக்கு அந்த இரண்டாவது வரிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பில் விட்டதை வீட்டில் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். மற்றவனுக்குப் பள்ளியை விட்டால் வேறு யாரும் இல்லை. அவனுடைய பிற்பகலை அட்டை வெட்டுவதில் கழித்தால் அதைத் திருப்பிக் கொடுப்பது யார்?

அளவுகோல்:
சார், அந்த அறிக்கையை நானும் படித்தேன். சோதனையில் சேர்ந்த பள்ளிகளில் கிட்டத்தட்டப் பாதி நடுவிலேயே விலகிவிட்டன, அதனால் முடிவை ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அளந்ததும் எழுத்தறிவையும், பிள்ளைகளுக்குப் படிப்பில் உள்ள ஈடுபாட்டையும் மட்டும்.

2021இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வு உயர்நிலைப் பள்ளியைப் பற்றியது, நம் பேச்சுக்கு அதுதான் நெருக்கம். அரசியல், சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டிலும் கல்லூரிக்கு முந்தைய பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள். பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். செயல்திட்டம் வழியாகப் படித்தவர்களில் தேர்ச்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட 8 சதவீதப் புள்ளி அதிகம். குறைந்த வருமான வீட்டுப் பிள்ளைகளுக்கும் பலன் கிடைத்தது. அளந்தது சுவரில் மாட்டிய அட்டையை இல்லை, நீங்கள் மதிக்கிற அதே பொதுத்தேர்வை.

அப்புறம், 2006 கட்டுரைக்கு அடுத்த வருஷமே ஹெமலோ-சில்வர், டங்கன், சின் மூவரும் மறுப்பு எழுதினார்கள். செயல்திட்டம் என்றால் வழிகாட்டல் இல்லாமல் விடுவது என்று யார் சொன்னது, நல்ல செயல்திட்டத்தில் படிக்குப் படி கைப்பிடி இருக்கும் என்பதுதான் அவர்கள் பதில். நான் இருபது நிமிஷம் நடத்தியது செயல்திட்டத்துக்கு வெளியே இல்லை சார், அதுதான் செயல்திட்டம்.

கரும்பலகை:
அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே செயல்திட்ட முறையை ஆதரிக்கிற அறக்கட்டளை. அதற்காகத் தள்ளிவிட மாட்டேன், குலுக்கல் முறை என்பதை மதிக்கிறேன். ஆனால் அந்த ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி, வருஷம் முழுக்கக் கூட இருந்து வழிகாட்ட ஆள், ஆயத்தமான பாடத்திட்டம் எல்லாம் இருந்தது. சுற்றறிக்கை அனுப்பி "அடுத்த வாரத்திலிருந்து செயல்திட்டம்" என்று சொல்லும் பள்ளியில் அந்த 8 புள்ளி வராது. பின்லாந்தைப் பார் என்கிறவர்களும் இதைப் பார்க்க வேண்டும். 2016 பாடத்திட்டத்தில் அவர்கள் கேட்டது வருஷத்துக்குக் குறைந்தது ஒரு பலதுறைப் பாடப்பகுதி. பாடங்களையே ஒழித்துவிட்டார்கள் என்று பரவியது பொய்.

வீட்டுக்கணக்கு:
ஒரு அம்மாவாகச் சொல்கிறேன். என் பையன் ஒன்பதாவது. ராத்திரி பதினோரு மணிக்கு "நாளைக்கு எரிமலை கொண்டுபோகணும்" என்றான். அவன் தூங்கிவிட்டான், நானும் அவன் அப்பாவும் உட்கார்ந்து காகிதக் கூழ் பூசி, வர்ணம் அடித்து, சோடா உப்பும் வினிகரும் ஊற்றிப் பொங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் படுக்க இரண்டு மணி. பரிசு வாங்கி வந்தான். எரிமலை ஏன் வெடிக்கிறது என்று கேட்டால் வினிகர் என்கிறான். அவன் பக்கத்தில் நின்ற பையன் தானே செய்த கோணல் மாணலான மண் குவியலோடு போய் ஒன்றும் வாங்காமல் வந்தான். அந்தப் பையன் முகம் இன்னும் எனக்குள் இருக்கிறது. பெற்றோர் செய்வதைத் தடுக்க முடியாவிட்டால் இதை ஆரம்பிக்கவே வேண்டாம் டீச்சர்.

அளவுகோல்:
அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அதனால்தான் எங்கள் திட்டத்தில் முதல் விதியே எதுவும் வீட்டுக்குப் போகக்கூடாது என்பது. பொருள், குறிப்பேடு, எல்லாம் பள்ளி அலமாரியில்தான் இருக்கும். அழகுக்கு மதிப்பெண் கிடையாது. கோணலான குவியலோடு வந்தவன் அது ஏன் சரிந்தது என்று சொன்னால் அவனுக்குத்தான் அதிகம்.

பதினொன்றாம் வகுப்புத் தங்கமே, ஆறு பேர் குழு என்பதே தப்பு. கயிறு இழுப்பதை வைத்து ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1913இல் எழுதினார், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால் ஒருவர் போடும் பலம் தனியாக இழுக்கும்போது போட்டதில் பாதிதான். ஊர் கூடித் தேர் இழுப்பதெல்லாம் சரி, யார் சும்மா கயிற்றைத் தொட்டுக்கொண்டு வருகிறார் என்று தெரியாது. நாங்கள் மூன்று பேருக்கு மேல் வைப்பதில்லை. குழுவுக்கு ஒரு பங்கு மதிப்பெண், மூன்று பங்கு தனியாள் வாய்மொழித் தேர்வுக்கு. அவரவர் குறிப்பேட்டைத் திறந்து, "இந்த எண் எப்படி வந்தது, சொல்" என்று கேட்போம். சாட்ஜிபிடி எழுதிய பத்தி அந்த இடத்தில் நிற்காது.

பதினொன்றாம்_வகுப்பு:
அப்படின்னா நான் சேருவேன் டீச்சர். ஆனா பேசப் பயப்படுற பசங்களுக்கு வாய்மொழித் தேர்வு கஷ்டம். என் கூட வேலை செஞ்ச பொண்ணு எல்லாம் தெரிஞ்சவ, நாலு பேர் முன்னாடி நின்னா தொண்டை அடைச்சுடும்.

அளவுகோல்:
நாலு பேர் முன்னால் இல்லை, என் மேசை பக்கத்தில் நாற்காலி போட்டு, குறிப்பேடு நடுவில். அப்படியும் வராவிட்டால் எழுதிக் காட்டலாம், அங்கேயே உட்கார்ந்து.

கரும்பலகை:
கணக்கு ஒன்று. வகுப்பில் 42 பேர், ஆளுக்கு எட்டு நிமிஷம், மொத்தம் 336. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், ஒரே வகுப்புக்கு. உங்களுக்கு எத்தனை வகுப்பு?

அளவுகோல்:
மூன்று. அதனால் மூன்றுக்கும் ஒரே சமயத்தில் வைப்பதில்லை, ஒவ்வொரு பருவத்திலும் ஒரு வகுப்பு. செயல்திட்டப் பிற்பகலிலேயே மற்றவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன், ஒரு பிற்பகலில் பதினாலு பேர். மூன்று வாரத்தில் முடிகிறது. சுலபம் என்று சொல்லவில்லை சார், தொண்டை கட்டிவிடும்.

கரும்பலகை:
சரி. நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் நீங்கள் சொல்வது அட்டை ஒட்டுவது இல்லை என்று தெரிகிறது. இப்படிச் செய்வோம். உங்கள் பிள்ளைகளுக்கு மடக்கை பற்றி ஒரு தாள் போடுங்கள், ஒலி, டெசிபல் என்ற சொல்லே வராத கேள்விகளும் அதில் பாதி இருக்கட்டும். இங்கே பதிவிடுங்கள். நான் பத்தாம் வகுப்பில் மடக்கையை என் வழியில் நடத்தி, அதே தாளைக் கொடுக்கிறேன். நடத்தி முடித்த வாரம் ஒரு தடவை, மூன்று மாதம் கழித்துச் சொல்லாமல் இன்னொரு தடவை. இரண்டாவது தடவை யாருடைய பிள்ளைகளுக்கு நினைவிருக்கிறது என்று பார்ப்போம். உங்கள் வகுப்பும் என் வகுப்பும் ஒன்றில்லை என்பது தெரியும், அதனால் ஆரம்பத்திலும் ஒரு தாள் வேண்டும்.

அளவுகோல்:
சம்மதம் சார். பன்னிரண்டு கேள்வி போடுகிறேன், ஆறில் ஒலி இருக்காது. வெள்ளிக்கிழமைக்குள் பதிவிடுகிறேன். தாளைப் பார்த்து, ஒரு பக்கம் சாய்கிற மாதிரி ஏதாவது கேள்வி இருந்தால் அடித்துவிடுங்கள், அதற்குப் பிறகுதான் பிள்ளைகளிடம் கொடுப்பேன்.