தண்ணீரை மிச்சம் பிடித்த ஊருக்கே பங்கைக் குறைப்பதா?

கசிவுக்காது:

நான் ஒரு நடுத்தர நகரத்தின் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கென்று ஆறோ ஏரியோ கிடையாது. வட்டாரத்துக்கே பொதுவாக ஒரு நீர்த்தேக்கம், அதிலிருந்து ஒரு வாரியம் ஆறேழு நகரங்களுக்கு மொத்தமாகத் தண்ணீர் கொடுக்கிறது. யாருக்கு எவ்வளவு என்ற பழைய ஒப்பந்தம் முடியப்போகிறது, பங்கைப் புதிதாகப் பிரிக்க வரைவு வந்திருக்கிறது.

பத்து வருடத்துக்கு முன் நாங்கள் ஒரு நாளைக்கு 62 மில்லியன் லிட்டர் எடுத்தோம், இப்போது 48. மக்கள்தொகை குறையவில்லை, கூடத்தான் செய்திருக்கிறது. இது சும்மா வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வால்வுக் குழியின் மூடியைத் திறந்து, இரும்புக் கோலைக் குழாய்மேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து ‘ஸ்ஸ்’ என்ற சத்தத்தைத் தேடித் தெருத்தெருவாக நடந்திருக்கிறேன். அந்த நேரத்தில் யாரும் குழாயைத் திறப்பதில்லை, அதனால் மீட்டர் ஓடினால் பெரும்பாலும் கசிவுதான். அப்புறம் பழைய கழிப்பறைத் தொட்டிகளை மாற்ற மானியம் கொடுத்தோம், அதிகமாகப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கட்டணத்தை ஏற்றி வசவும் வாங்கினோம்.

பக்கத்து நகரம் இதில் ஒன்றுகூடச் செய்யவில்லை. இப்போது வரைவில் என்ன போட்டிருக்கிறார்கள் என்றால், கடந்த ஐந்து ஆண்டுகளின் சராசரிப் பயன்பாடுதான் பங்குக்கு அடிப்படையாம், வறட்சி வந்தால் அதிலிருந்து எல்லோருக்கும் ஒரே சதவீத வெட்டாம். எங்கள் மன்ற உறுப்பினர் ஒருவர் கூட்டத்திலேயே கேட்டுவிட்டார், “அப்படியென்றால் குழாயைத் திறந்து விட்டிருந்தால் நமக்குக் கூடுதல் பங்கு கிடைத்திருக்கும், அப்படித்தானே?” என்று. எனக்குப் பதில் வரவில்லை. வேறு இடங்களில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று யாருக்காவது தெரியுமா?

ஏட்டுச்சுரை:

உங்கள் உறுப்பினர் கேட்டது சரியான கேள்வி. பழைய பயன்பாட்டை வைத்துப் பங்கு என்றால் அது வீணடித்தவருக்குக் கொடுக்கும் பரிசுதான். ஒரே சதவீத வெட்டு என்பது அதைவிட மோசம், ஏனென்றால் பிழிந்த துணியையும் சொட்டச் சொட்ட நனைந்த துணியையும் ஒரே மாதிரிப் பிழியச் சொல்கிறார்கள்.

வட்டமான எண்களில் போட்டுக் காட்டுகிறேன். மூன்று நகரங்கள், ஒவ்வொன்றிலும் 4 லட்சம் பேர். அ நகரம் நாளைக்கு 100 மில்லியன் லிட்டர், ஆ 60, இ 40. அதாவது தலைக்கு 250, 150, 100 லிட்டர். மொத்தம் 200. வறட்சியில் 160தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே சதவீதமாக 20 வெட்டினால் தலைக்கு 200, 120, 80 ஆகும். அ நகரத்துக்காரர் செடிக்கு ஊற்றுவதைக் குறைப்பார், இ நகரத்துக்காரர் குளிப்பதைக் குறைக்க வேண்டும். சரி, தலைக்குச் சமமாகப் பிரித்துவிடலாம் என்றால் ஆளுக்கு 133 வரும். இ நகரத்துக்கு இப்போது எடுப்பதைவிட அதிகம் கிடைக்கும், அ நகரம் ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட பாதியை இழக்கும். அந்த ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்துப் போடமாட்டார்கள், வழக்குத்தான் போடுவார்கள்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. தலைக்கு 80 லிட்டர் வரை யாருக்கும் கை வைக்கக்கூடாது. அதற்கு 96 மில்லியன் போய்விடும், மிச்சம் 64. அதை 80க்கு மேல் அவரவர் எடுக்கிற அளவின் விகிதத்தில் பிரியுங்கள். அ நகரத்துக்கு ஏறக்குறைய 74 வரும் (26 சதவீத வெட்டு), ஆ நகரத்துக்கு 49 (18 சதவீதம்), இ நகரத்துக்கு 37 (8 சதவீதம்). எல்லோருக்கும் வலிக்கும், ஆனால் கொழுப்பு இருக்கிற இடத்தில்தான் அதிகம் வெட்டுகிறது.

இது ஏட்டளவு யோசனை இல்லை. 2015 வறட்சியில் கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நகரங்கள் மொத்தமாக 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று உத்தரவிட்டபோது, மாநில நீர் வாரியம் எல்லோருக்கும் 25 என்று எழுதவில்லை. தலைக்கு எவ்வளவு வீட்டுப் பயன்பாடு என்று பார்த்து, குறைவாக எடுத்த ஊர்களுக்கு 8 சதவீதத்திலிருந்து அதிகம் எடுத்த ஊர்களுக்கு 36 சதவீதம் வரை படிப்படியாக இலக்கு வைத்தது. ஆனால் ஒப்பிட எடுத்துக்கொண்டது 2013ஆம் ஆண்டை, அதற்கு முன்பே சேமித்த ஊர்கள் ‘எங்கள் உழைப்பு கணக்கில் வரவில்லை’ என்று சண்டைக்கு வந்தன. அதனால் அடிப்படை ஆண்டு எது என்பதில் கண் வையுங்கள். உங்கள் வாரியம் ஐந்து ஆண்டு என்று சொல்வது உங்கள் சேமிப்பெல்லாம் முடிந்த பிறகான ஐந்து ஆண்டு.

மணல்மேடு:

கணக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அதெல்லாம் வறட்சிக் காலத்து வெட்டுக்கு. நல்ல காலத்தில் உரிமை யாருடையது என்பது வேறு சங்கதி, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

லாஸ் வேகஸ் கதை உங்களுக்கு அப்படியே பொருந்தும். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்துக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ஏக்கர் அடி பங்கு, சுமார் 37 கோடி கன மீட்டர். 1991க்கு முன் லாஸ் வேகஸ் பள்ளத்தாக்கில் இருந்த நீர் அமைப்புகள் மிச்சத் தண்ணீருக்காக ஒன்றோடொன்று போட்டி போட்டன. முதலில் பயன்படுத்திக் காட்டியவருக்கே உரிமை என்ற நிலையில் எவன் மிச்சம் பிடிப்பான்? பாட் மல்ராய் என்ற நிர்வாகி முன்னின்று ஏழு அமைப்புகளையும் ஒரே ஆணையத்துக்குள் கொண்டுவந்தார். பழைய முன்னுரிமைச் சண்டையை ஒதுக்கிவைத்து, கிடைப்பதையும் பற்றாக்குறையையும் சேர்ந்தே பகிர்வது என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் சேமிப்பு அங்கே சூடுபிடித்தது. புல்வெளியைப் பிடுங்கினால் சதுர அடிக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் திட்டம் 1999இல் வந்தது. 2002க்குப் பிறகு 7 லட்சம் பேருக்கு மேல் கூடியும் ஆற்றிலிருந்து எடுக்கும் நிகர அளவு அப்போதைவிடக் குறைவு.

‘நிகர’ என்று சொன்னதைக் கவனியுங்கள். அங்கே வீட்டுக்குள் ஓடும் தண்ணீர் சாக்கடை வழியாகப் போய், சுத்திகரித்து, அந்த ஆற்றின் நீர்த்தேக்கமான மீட் ஏரிக்கே திரும்ப வந்துவிடுகிறது, அதற்கு வரவும் வைக்கிறார்கள். அதனால் குளியலறையில் மிச்சம் பிடித்தால் கணக்கில் பெரிதாக ஒன்றும் மாறாது, வெளியே மண்ணில் ஊற்றி ஆவியாகப் போவதுதான் இழப்பு. உங்கள் ஊர்ச் சாக்கடை எங்கே போகிறது? நீர்த்தேக்கத்துக்கா, கடலுக்கா? இதைக் கேட்காமல் சேமித்தேன் சேமித்தேன் என்று சொல்வதில் பாதி வெறும் பேச்சு.

இன்னொன்று, 2007இல் அந்த ஆற்றின் கீழ்ப்பகுதி மாநிலங்களுக்கு ஒரு விதி வந்தது. பங்கில் ஒரு பகுதியை வேண்டுமென்றே எடுக்காமல் மிச்சப்படுத்தினால் அதை மீட் ஏரியிலேயே உங்கள் பெயரில் வரவு வைத்துக்கொள்ளலாம் என்றது அது, அன்றைய விதிப்படி 5 சதவீதத்தை ஏரிக்கே விட்டுவிட வேண்டியிருந்தது. அதுவரை எடுக்காத தண்ணீர் அடுத்தவன் வாய்க்குப் போய்விடும் என்ற பயம் இருந்தது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் சராசரியைப் பற்றிச் சண்டை போடுவதைவிட இந்த வரவுக் கணக்கைத்தான் கேட்பேன்.

வரவுசெலவு:

எல்லோரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள், பணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

வாரியத்தின் செலவு பெரும்பாலும் அணை, குழாய், கடன் தவணை. தண்ணீர் குறைவாக விற்றால் இந்தச் செலவு குறையாது. அப்போது லிட்டருக்கு விலை ஏறும். மக்கள் சொன்னபடி சேமித்துவிட்டு, அடுத்த வருடம் கூடுதல் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். கேப் டவுனில் 2018 பிப்ரவரியில் ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்தினார்கள், நகரம் சில வருடங்களில் பயன்பாட்டைப் பாதியைவிடக் கீழே கொண்டுவந்தது, அதே ஆண்டு ஜூலையில் மீட்டரின் பருமனை வைத்து ஒரு நிலையான கட்டணம் சேர்ந்துகொண்டது. ஜனங்கள் கொதித்தார்கள். நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் சிக்கலே.

மொத்த விற்பனை ஒப்பந்தத்தில் இன்னொரு கண்ணி உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் வட்டார அமைப்பிலிருந்து 26 மொத்த வாடிக்கையாளர்கள் தண்ணீர் வாங்குகிறார்கள், அதில் நிரந்தர வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து நாளைக்கு 184 மில்லியன் கேலன் உத்தரவாதம். அதில் நான்கு பேருக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு வாங்கியே ஆக வேண்டும் என்று ஒப்பந்தம். எடுக்காவிட்டாலும் காசு கட்ட வேண்டும். இப்படி ஒரு நிபந்தனை உங்கள் வரைவில் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் உங்கள் ராத்திரி நடை எல்லாம் தண்டம்.

அதே அமைப்பில் கிழக்கு பாலோ ஆல்டோ என்ற சின்ன ஊர், வட்டாரத்திலேயே தலைக்கு மிகக் குறைவாகப் பயன்படுத்தும் ஊர்களில் ஒன்று. பங்கும் சிறியது. 2016இல் புதுக் குழாய் இணைப்பையே நிறுத்திவைக்க வேண்டிவந்தது. பக்கத்தில் மவுண்டன் வியூவுக்கோ எடுக்காத பங்கு கிடந்தது. 2017இல் நாளைக்கு 1 மில்லியன் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் பங்கை 50 லட்சம் டாலருக்கு அவர்களிடமிருந்து வாங்கினார்கள். ஏழை ஊர் பணக்கார ஊரிடம் காசு கொடுத்து வாங்கியதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் பங்கைக் கைமாற்றலாம் என்று விதி இருந்ததால்தான் அதுவாவது நடந்தது. விற்க முடியும் என்றால் மிச்சம் பிடிப்பவருக்கும் ஒரு காரணம் கிடைக்கிறது.

வெறுங்குடம்:

நான் கொஞ்சம் கசப்பாகக் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 62இலிருந்து 48க்கு வந்தீர்கள். அந்த 14 இப்போது எங்கே இருக்கிறது? நீர்த்தேக்கத்திலா, அல்லது புது மனைப்பிரிவுகளுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டதா? பல ஊர்களில் சேமிப்பு என்பது அடுத்த அடுக்குமாடிக்கு வழிவிடும் ஏற்பாடாகத்தான் முடிகிறது. அப்புறம் வறட்சி வரும்போது பிழியத் துணியும் இல்லை, இருப்பும் இல்லை.

கசிவுக்காது:

வெறுங்குடம், குத்த வேண்டிய இடத்தில்தான் குத்தினீர்கள். 14இல் 6 மில்லியன் ஏற்கெனவே இரண்டு புதுக் குடியிருப்புகளுக்கு ஒப்புதல் ஆகிவிட்டது, மன்றம் அதைப் பெருமையாகவே பேசிக்கொள்கிறது. வாரியத்தில் போய் 14ம் எங்கள் சேமிப்பு என்று சொன்னால் பக்கத்து நகரத்துக்காரர்கள் அந்தத் தீர்மானத்தை எடுத்து மேசையில் போடுவார்கள். 8ஐத்தான் வரவு வைக்கக் கேட்க முடியும் போலிருக்கிறது.

வரவுசெலவு, குறைந்தபட்சக் கொள்முதல் நிபந்தனை இருக்கிறது. பின்னிணைப்பில் ஒளித்து வைத்திருந்தார்கள். சராசரியில் 90 சதவீதம். நன்றி, இதை நான் படித்தும் பொருட்படுத்தாமல் விட்டிருந்தேன். மணல்மேடு, எங்கள் கழிவுநீர் கடலுக்குத்தான் போகிறது, அதனால் வீட்டுக்குள் மிச்சம் பிடிப்பதும் எங்களுக்கு உண்மையான மிச்சம்தான்.

தலைக்கணக்கில் ஒரு தகராறு பாக்கி இருக்கிறது. ஏட்டுச்சுரை காட்டிய அ நகரம் போலத் தலைக்கு 250 லிட்டர் எடுக்கும் பக்கத்து நகரம் சொல்வது, ‘ஆலைகளும் பெரிய மருத்துவமனையும் எங்களிடம் இருக்கின்றன, பகலில் உங்கள் ஊர்க்காரர்களே இங்கேதான் வேலைக்கு வருகிறார்கள், எங்கள் 250 லிட்டரில் அவர்கள் குடிப்பதும் சேர்த்தி’ என்று. முழுக்கப் பொய் என்று சொல்லிவிடவும் முடியவில்லை.

ஏட்டுச்சுரை:

பொய்யே இல்லை, அவர்கள் சொல்வது நியாயம். அதனால்தான் மேலே வீட்டுப் பயன்பாடு என்று எழுதினேன். வீட்டு மீட்டர்களை மட்டும் கூட்டித் தலைக்கு வகுங்கள், தொழிலுக்கும் மருத்துவமனைக்கும் தனி வெட்டு வையுங்கள். கசிவை மட்டும் எந்தத் தலையிலும் கட்ட விடாதீர்கள், அது அந்தந்த நகரத்தின் சொந்தக் குற்றம். வீட்டுக் கணக்கைத் தனியாகப் பிரித்ததும் அவர்கள் 250 எவ்வளவுக்கு இறங்குகிறது என்று பாருங்கள். 190க்கு வந்தால் பாதி வாதம் அவர்களுடையது, 230இல் நின்றால் வேலைக்கு வருகிறவர்கள் என்பது சாக்கு.

மணல்மேடு:

ஒரு சின்ன விஷயம். நகர எல்லையில் வாரியத்தின் மொத்த மீட்டர் இருக்குமே, அதைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள்? பழைய இயந்திர மீட்டர்கள் தேயத் தேயக் குறைத்துத்தான் காட்டும். பக்கத்து நகரத்து மீட்டர் பழசாக இருந்தால் அவர்கள் ஏட்டில் இருப்பதைவிட அதிகம் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஆனால் அவசரப்பட்டுக் கேட்டுவிடாதீர்கள். ஐந்தாண்டுச் சராசரி விதி அப்படியே நின்றால், மீட்டரைச் சரிபார்த்து வெளிவரும் அந்தக் கூடுதலும் ‘பழைய பயன்பாடு’ என்று அவர்கள் உரிமையாகிவிடும். முதலில் விதியை மாற்றுங்கள், மீட்டர் அப்புறம்.

கசிவுக்காது:

அவர்களுடையது எங்களுடையதைவிடப் பழசு, எனக்கு நன்றாகவே தெரியும். வாயை மூடிக்கொள்கிறேன். வியாழக்கிழமை கூட்டம், தலைக்கு 80 லிட்டர் உத்தரவாதமும் வரவுக் கணக்கும்தான் கேட்கப்போகிறேன், கொள்முதல் நிபந்தனையை வறட்சி ஆண்டுகளிலாவது தூக்கச் சொல்லி ஒரு திருத்தமும் கொடுக்கிறேன்.