ஸ்லீப்பருக்குத் தமிழ்: 'தரை வரிச்சு' சரிப்படுமா?

வணக்கம். மரத்தரை போடும்போது பிளைவுட்டுக்கு அடியில் கான்கிரீட் மேல் வரிசையாகப் படுக்கவைக்கும் கட்டையை ஆங்கிலத்தில் ஸ்லீப்பர் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> கான்கிரீட் மேல் போடும் கட்டைக்குத் 'தரை உத்திரம்' போதாதா?

போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. உத்திரம் சுவருக்குச் சுவர் போவது. நடுவில் அதற்கு அடியில் ஒன்றும் கிடையாது. வேலூர்ப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரையை அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், குத்துவாக்கில் அடுக்கிய செங்கலை எல்லாம் அந்தக் கட்டைகள்தான் தாங்கும். நாம் பேசும் கட்டையோ நீளம் முழுக்கக் கான்கிரீட்டின் மேல் படுத்துக் கிடக்கிறது. வாங்கும் சுமையை அப்படியே கீழே இறக்கிவிடுகிறது. பிளைவுட்டை முடுக்க இடம் தருவதும், அதற்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே கொஞ்சம் சந்து விடுவதும்தான் அதன் வேலை. இதை உத்திரம் என்று எழுதினால் படிக்கிறவர் ஆறு அங்குலக் கட்டை வாங்கி வந்துவிடுவார்.

ஆம்பூர் நண்பர் சொன்ன 'படுகட்டை' நல்ல வினைத்தொகை. ஆனால் 'கட்டை சாய்ந்துவிட்டது' என்று பேசுகிற ஊரில், புது வீட்டில் போய் 'படுகட்டை எத்தனை?' என்று கேட்டுப் பாருங்கள்!

'சிலீப்பர் கட்டை'யே இருக்கட்டும் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 1856இலேயே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் வந்துவிட்ட பக்கம் இது. காட்பாடியில் அந்தப் பெயரைச் சொன்னால் தண்டவாளம்தான் கண்ணுக்குத் தெரியும்.

எனக்கு விடை கிடைத்தது தச்சரிடம். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கீழ் அறையில் மகள் பரதம் பழகுகிறாள். கான்கிரீட்டில் தட்டடவு போட்டுப் போட்டுக் குதிகால் வலி. அதனால் மரத்தரை. 400 மி.மீ.க்கு ஒரு கட்டை, மேலே 18 மி.மீ. பிளைவுட், சுவரோரம் மரம் உப்புவதற்கு 10 மி.மீ. இடம் என்று வரைந்து காட்டினேன். பார்த்துவிட்டு, "கூரைக்குப் போடற ரீப்பரத்தானே சார் தரையில போடச் சொல்றீங்க?" என்றார்.

ரீப்பருக்குத்தான் நம்மிடம் வரிச்சு இருக்கிறதே! ஓட்டுக்கு அடியில் வரிச்சு, மண்சுவருக்குள்ளும் வரிச்சு. இரண்டிலும் இடைவெளி விட்டு வரிவரியாகக் கட்டி, அதன் மேல் வேறொன்றை ஏற்றுகிறோம். தரையிலும் அதே கதைதான். ஆகவே 'தரை வரிச்சு'. உத்திரத்தைச் சுவருக்குச் சுவர் போகும் ஜாய்ஸ்ட்டுக்கு விட்டுவைப்போம், அங்கே அது கச்சிதமாகப் பொருந்தும்.

கட்டைக்கு அடியில் ஈரம் ஏறாமல் விரிக்கும் பாலித்தீன் தாளுக்குக் குடியாத்தம் அம்மா கொடுத்த 'ஈரத்தடை' எனக்குச் சம்மதம். 'நீர்த்தடை' என்றால் மொட்டைமாடி ஒழுகலுக்குப் போய்விடும். இது கீழே மண்ணிலிருந்து கான்கிரீட் வழியாக மேலேறும் ஈரம். மேலே தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். அதை நம்பித்தான் முதல் தடவை பாலித்தீன் தாள் விரிக்காமல் விட்டேன். ஐப்பசி மழையில் பிளைவுட் ஓரமெல்லாம் உப்பிக்கொண்டது. அப்புறம் மொத்தத்தையும் பிரித்து, தாளை விரித்து, சுவரோரம் கொஞ்சம் மடித்துவிட்டு மறுபடி போட்டோம். தச்சர் கூலி இரண்டு தடவை.

ஒரு சந்தேகம் பாக்கி. வரிச்சு, வரிச்சல் இரண்டும் வழக்கில் உண்டு. தலைச்சொல்லாக எதை வைப்பது? சின்னதாக இருப்பதால் எனக்கு வரிச்சு பிடிக்கிறது. உங்கள் ஊரில் கூரை வேலை செய்கிறவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.