திருத்தும் சுமையும் மாணவரின் ஊக்கமும்: ஆசிரியர்களின் அனுபவப் பகிர்வு

கணித ஆசிரியர், அரசு உயர்நிலைப் பள்ளி

பத்தாம் வகுப்பின் இரு பிரிவுகளுக்கும் நானே கணிதம் எடுப்பதால், செய்முறை வடிவியல் பயிற்சி கொடுத்த நாள்களில் ஓய்வுப் பாடவேளை முழுவதும் குறிப்பேட்டுக் கட்டைத் திருத்துவதிலேயே கழிந்துவிடும். இப்போது ஒவ்வொரு கணக்குக்கும் சரியான படத்தைக் கண்ணாடி போன்ற நெகிழித்தாளில் முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொள்கிறேன். 3 செ.மீ. ஆரமுள்ள வட்டத்துக்கு, மையத்திலிருந்து 8 செ.மீ. தொலைவிலுள்ள புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரையச் சொல்லியிருந்தால், அந்தத் தாளை மாணவரின் படத்தின்மீது வைத்து மையத்தையும் புள்ளியையும் பொருத்தியவுடனே, தொடுகோடு 7.4 செ.மீ. வந்திருக்கிறதா, இல்லையென்றால் எந்த இடத்தில் விலகியது என்பது எனக்கும் அவருக்கும் ஒருசேரத் தெரிந்துவிடுகிறது. வகுப்பில் நடந்தபடியே பார்த்து முடிப்பதால் கட்டுச் சுமக்கும் வேலை இல்லை.

இப்படி அருகில் நின்று பார்க்கையில் இன்னொன்றும் தெரியவந்தது. வரையும் முறையை நன்கு அறிந்த சிலருக்கும் படம் பிசகியதற்குக் காரணம், அவர்களுடைய கவராயத்தில் திருகு தளர்ந்து, வில் வரையும்போதே ஆரம் மாறிவிட்டதுதான். கடைசி வரிசை மாணவர் ஒருவர் வீட்டிலிருந்து சிறு திருப்புளி கொண்டுவந்து எல்லாருடைய கவராயத்தையும் முறுக்கிக் கொடுக்கிறார். கணிதப் பாடவேளை என்றாலே நழுவப் பார்த்தவர் அவர்.

மெல்லக் கற்போரிடம் நான் அறிவுரை சொல்வதில்லை. 100 மதிப்பெண் வினாத்தாளில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக 16. தேர்ச்சிக்கு வேண்டியது 35. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, மீதி 19 எங்கிருந்து வரும் என்று அவர்களையே கேட்கிறேன்.

பட்டதாரி ஆசிரியர், நடுநிலைப் பள்ளி

எட்டாம் வகுப்பில், தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வுக்குத் தனி வகுப்பு நடத்த எனக்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால் பழைய வினாத்தாளிலிருந்து இரண்டு மனத்திறன் வினாக்களைக் காலையிலேயே பலகையின் ஓரத்தில் எழுதிவிடுகிறேன். விடையை மாலையில் மாணவர்களே விவாதித்துச் சொல்ல வேண்டும். முன்பு தேர்ச்சி பெற்று, இப்போது மாதம் 1,000 ரூபாய் பெறும் மாணவி ஒருவர், விடுமுறையில் வந்து தம் வங்கிக் கணக்குப் புத்தகத்தைக் காட்டிவிட்டுப் போனார். என் பேச்சுக்கு இல்லாத வலிமை அந்தப் புத்தகத்துக்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இடைநிலை ஆசிரியர், ஈராசிரியர் தொடக்கப் பள்ளி

எங்களுக்குத் திருத்துவதைவிடப் பதிவேடுகளே பெரும் சுமை. தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி (அரும்பு முதல் நிலை, மலர் மேல்நிலை) பிரித்த குழந்தைகள் ஒரே அறையில் இருப்பதால், மலர் நிலைக் குழந்தை படித்துக் காட்ட அரும்பு நிலைக் குழந்தை கேட்கும் பத்து நிமிடத்தில், மற்றவர்களை ஒவ்வொருவராக அழைத்து வாசிக்கவைத்து, உடனுக்குடன் குறித்துக்கொள்கிறேன். ஆனால், எந்தக் குழந்தை எந்த நிலை என்பதைச் சுவரில் ஒட்டுவதற்கு நான் உடன்பட மாட்டேன். பெற்றோர் அதைத் தரவரிசையாகவே படிக்கிறார்கள்.

கணித ஆசிரியரிடம் ஒரு கேள்வி: அந்த நெகிழித்தாள் எங்கே கிடைக்கும்?

கணித ஆசிரியர்

ஸ்பைரல் பைண்டிங் செய்யும் ஜெராக்ஸ் கடைகளில், மேலட்டைக்குப் போடும் தாளைக் கேளுங்கள். குறுந்தகட்டில் எழுதும் மார்க்கரால் வரைந்தால் அழியாது; சாதாரணப் பேனா மை வழுக்கிவிடும். ஆண்டு முழுவதும் பயன்படுத்துவதாக இருந்தால் கொஞ்சம் தடித்த தாளாக வாங்குவது நல்லது.