பழைய பிக்கப்புக்கு எந்த பவர் ஸ்டியரிங் ஆயில்?

அண்ணன்மார்களே, ஒரு உதவி. ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி அடிக்கும் 2008 மாடல் டீசல் பிக்கப், செகண்ட்ஹேண்டில் வாங்கியது. கொஞ்ச நாளாக ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்தால் பம்ப் பக்கம் முனகல் சத்தம், மண்டிக்குள் லோடோடு ரிவர்ஸ் எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடுகிறது. தொப்பூர் இறக்கத்தில் இப்படிப் பிடித்துக்கொண்டால் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

டப்பா மூடியைத் திறந்தால் ஆயில் மினிமம் கோட்டுக்குக் கீழே. சிவப்பாக இருந்திருக்க வேண்டும், இப்போது டிகாக்‌ஷன் நிறம், லேசாகக் கருகிய வாடை, மேலே நுரை வேறு. நுரை என்றால் எங்கேயோ காற்று இழுக்கிறது, அதனால் ஹோஸ் கிளிப்பையும் பார்க்கப் போகிறேன். மூடியில் எழுதியிருந்தது தேய்ந்துவிட்டது, மேனுவல் புத்தகமும் இல்லை.

கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் சிவப்பு ஏடிஎஃப், டெக்ஸ்ரான் 3 போதும் என்கிறார்கள். இன்னொரு கடையில் பச்சை சிந்தெடிக்தான் நல்லதாம், விலையும் அதற்கேற்ற மாதிரி. இரண்டையும் கலக்கக் கூடாது என்பது வரை தெரியும். மெக்கானிக் ஒருவர் அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றலாம் என்றார், சரிங்கண்ணா என்று கிளம்பி வந்துவிட்டேன், அது ரப்பர் சீலையெல்லாம் ஊத வைத்துவிடும்.

இதே மாதிரி பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் எந்த ஆயில் ஊற்றுகிறீர்கள்? பழையதை முழுசாக இறக்கிவிட்டு, முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பிக் காற்று எடுக்கலாமா, இல்லை டாப்அப் மட்டும் போதுமா? புது ஆயில் போனதும் பழைய சீல் ஒழுக ஆரம்பித்த அனுபவம் யாருக்காவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். தருமபுரி பக்கம் ஸ்டியரிங் ரேக், பம்ப் வேலை தெரிந்த நல்ல கை இருந்தாலும் சொல்லுங்கள்.