தங்கூர்தியின் முத்திரையைப் ‘பாதுகாப்புச் சான்றிதழ்’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

உள்ளே தங்கிப் பயணம் செய்வதற்காக அமைத்த, அமெரிக்காவில் ஆர்.வி. என்று அழைக்கப்படும் ஊர்தியை வாங்குவோருக்கான கையேட்டைத் தமிழாக்கும்போது எழுந்த ஐயங்களைச் சென்ற மடலில் ஐயா முன்வைத்திருந்தார். ஊர்தியின் பெயரில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை. ‘பொழுதுபோக்கு வாகனம்’ என்றால் மணல்மேட்டில் ஓட்டும் வண்டி நினைவுக்கு வருகிறது. ‘கேரவன்’ என்றால் படப்பிடிப்புத் தளம். அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 1192 என்னும் செந்தரம் (ஸ்டாண்டர்டு) இதனைத் தற்காலிக உறைவிடமாக அமைக்கப்பட்ட ஊர்தி என்றே வரையறுப்பதால் ‘வாழ்’ என்பதைவிடத் ‘தங்கு’ என்னும் வினையே பொருந்தும். தானே ஓடுவதற்கும் வேறொரு வண்டியின் பின்னால் இழுபடுவதற்கும் பொதுவாகத் ‘தங்கூர்தி’ என்போம். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘இழுவைத் தங்கூர்தி’ என்று அடை சேர்த்தால் போதும்.

என் தயக்கமெல்லாம் அதன் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும், ஆர்.வி.ஐ.ஏ. என்னும் சங்கத்தின் முத்திரையைப் பற்றியது. ஐயா அதற்குப் ‘பாதுகாப்புச் சான்றிதழ்’ என்று முன்மொழிந்திருக்கிறார். தமிழில் சான்றிதழ் என்றாலே, அதிகாரமோ தகுதியோ உடைய ஒருவர் மற்றொருவரையோ ஒரு பொருளையோ நேரில் ஆராய்ந்து வழங்கியது என்னும் பொருள் உடன் வந்துவிடுகிறது. உடற்தகுதிச் சான்றிதழை மருத்துவர்தான் தருவார். நோயாளி தனக்குத்தானே எழுதிக்கொள்வதில்லை. ஆகவே அச்சொல்லைப் படிப்பவர், யாரோ ஓர் அதிகாரி இந்தக் குறிப்பிட்ட வண்டிக்குள் ஏறி எரிவாயுக் குழாயையும் மின்கம்பியையும் சோதித்துப் பார்த்திருக்கிறார் என்றே கொள்வார்.

நடப்பது அதுவன்று. ஆர்.வி.ஐ.ஏ. என்பது தயாரிப்பாளர்களும் உதிரிப்பொருள் வழங்குநர்களும் உறுப்பினராக உள்ள தொழில்துறைச் சங்கம். அரசுத் துறை அன்று. அதன் உறுப்பினரான தயாரிப்பாளர், என்.எஃப்.பி.ஏ. 1192 செந்தரத்துக்கும் தேசிய மின்விதித் தொகுப்பின் 551ஆம் பிரிவுக்கும் ஏற்பத் தம் வண்டியைக் கட்டியிருப்பதாகத் தாமே உறுதி கூறி, சங்கத்திடம் விலைகொடுத்து வாங்கிய முத்திரையை ஒட்டுகிறார். சங்கத்தின் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றித் தொழிற்சாலைக்கு வந்து, அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் வண்டிகளைப் பார்க்கிறார்கள். இது வெறும் சடங்கு என்று நான் சொல்லவில்லை. பார்ப்பவர் வருவார் என்ற நினைப்பே வேலையைச் சீராக்கும். ஆனால் முத்திரை பெற்ற ஒவ்வொரு வண்டியும் தனித்தனியே சோதிக்கப்பட்டது என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது.

முத்திரை எதைப் பற்றிப் பேசுகிறது என்பதும் சொல்லாக்கத்துக்கு இன்றியமையாதது. எரிவாயு அமைப்பு, மின்னமைப்பு, குழாயமைப்பு, தீயணைப்பான், புகை எச்சரிப்பான், கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான், கதவு அடைபட்டால் வெளியேறுவதற்கான மாற்றுவழி ஆகியவை அதன் எல்லைக்குள் வருகின்றன. கூரையின் இணைப்புகள் மழையில் ஒழுகாமல் இருக்குமா, அலமாரிக் கதவுகள் ஓராண்டுக்குப் பின்னும் நேராக நிற்குமா என்பவற்றுக்கு அது பொறுப்பேற்பதில்லை. ஆகவே முன்னொரு மடலில் வந்த ‘தரமுத்திரை’ என்பதும் பொருந்தாது. வாங்கியவர்கள் பெரும்பாலும் நொந்துகொள்வது இந்த இரண்டாம் வகைக் குறைகளுக்காகத்தான் என்பதால், ‘தரம்’ என்னும் சொல் அவர்களைக் கேலி செய்வதுபோல் ஆகிவிடும்.

அமெரிக்க நடுவணரசு கேட்கும் வில்லை (ஒட்டுச்சீட்டு) இதிலிருந்து வேறானது. 1966ஆம் ஆண்டின் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சாலைப் பாதுகாப்பு விதிகளுக்குத் தம் வண்டி இணங்குகிறது என்று தயாரிப்பாளரே உறுதி கூறி, வண்டியின் அடையாள எண்ணும் ஏற்கத்தக்க உச்ச மொத்த எடையும் பொறித்த வில்லையை ஒட்ட வேண்டும். அங்கும் அரசு முன்கூட்டிச் சோதித்து ஒப்புதல் தருவதில்லை. பிழை கண்டால் திரும்ப அழைக்கச் செய்கிறது. ஆக, இரண்டுமே தற்சான்றுகள். ஒன்றைச் சட்டம் கேட்கிறது, மற்றொன்றைச் சங்கம் கேட்கிறது. முன்னதைத் ‘தற்சான்று வில்லை’ என்றும் பின்னதை ‘இணக்க முத்திரை’ என்றும் வழங்கலாம் என்பது என் பரிந்துரை.

இனி, விலைப்பட்டியலின் அடியில் வரும் தொகைகள். ஐயாவின் பட்டியலில் எல்லாமே ‘கட்டணம்’ என்று முடிகின்றன: பதிவுக் கட்டணம், ஆவணக் கட்டணம், ஆயத்தக் கட்டணம், சேருமிடக் கட்டணம். மூலத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. தமிழில் ‘கட்டணம்’ என்றால் யாரோ விதித்தது, பேசிக் குறைக்க முடியாதது என்ற தொனி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாநிலத்துக்குச் செல்லும் பதிவுத் தொகைக்கும் விற்பனை வரிக்கும் அது சரி. விற்பனை முகவர் தாம் தாள்களை நிரப்பியதற்காகக் கேட்கும் தொகையோ அவரே வைத்த விலை. சில மாநிலங்கள் அதற்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன, சிலவற்றில் வரம்பே இல்லை. நம்மிடம் இதற்குப் பழகிய சொல் ஒன்று இருக்கும்போது புதிதாகப் படைப்பானேன்? பத்திரம் எழுதுபவருக்குக் கொடுப்பதை ‘எழுத்துக்கூலி’ என்கிறோமே! அதுபோலவே, தொழிற்சாலையிலிருந்து முகவரிடம் கொண்டுவந்ததற்கு ‘வண்டிச்சத்தம்’ (சத்தம் என்றால் வண்டிக்கூலி). கழுவித் துடைத்து, மின்கலம் பொருத்தி, விற்பனைக்கு ஆயத்தம் செய்ததற்கு ‘ஆயத்தக்கூலி’. ஒப்படைப்பதற்கு முன் வண்டியின் எல்லா அமைப்புகளையும் இயக்கிப் பார்ப்பதை ‘ஒப்படைப்பாய்வு’ எனலாம்.

பயணிகள் காருக்கு, கொண்டுவந்த செலவு உட்பட விலை விவரம் காட்டும் ஒட்டுத்தாளை 1958ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. இழுவைத் தங்கூர்தி அச்சட்டம் சொல்லும் காருக்குள் அடங்காது. அதனால் ஒரே தொகை ஒரு முகவரிடம் விலைக்குள்ளும் மற்றொருவரிடம் தனி இனமாகவும் இருக்கக்கூடும். சொற்கள் தெளிவாக இருந்தால்தான் இரண்டு பட்டியல்களை அருகருகே வைத்து ஒப்பிட முடியும்.

அன்புடன்.

*

மறுமொழி:

ஐயா, வணக்கம். தங்கூர்தியையும் ஒப்படைப்பாய்வையும் மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். இரண்டு மறுப்புகள் உண்டு. கணினித் தமிழில் ‘இணக்கம்’ என்பதை ஒரு கருவி மற்றொன்றோடு ஒத்து இயங்குவதற்கு ஏற்கெனவே ஆண்டு வருகிறோம். இங்கே ‘இணக்க முத்திரை’ என்றால், எந்த இழுவண்டியோடு (இழுத்துச் செல்லும் வண்டியோடு) இது பொருந்தும் என்று காட்டும் முத்திரையாக எண்ணிவிட மாட்டார்களா? அடுத்து, ‘வண்டிச்சத்தம்’ இன்றைய இளைஞர்களுக்கு எஞ்சினின் இரைச்சலாகத்தான் கேட்கும். ஒரு சிறு ஐயமும் உண்டு: விலைப்பட்டியலில் ‘சான்றளிப்புக் கட்டணம்’ என்று தனி இனம் இருந்தால் அதனை எப்படிப் பெயர்ப்பது?

*

மறுமொழி:

அம்மையீர், வணக்கம். இரண்டாவது மறுப்பைப் படித்துச் சிரித்துவிட்டேன், உண்மைதான். அகராதியில் உயிரோடிருக்கும் சொல் காதில் உயிரோடிருக்க வேண்டும் என்பதில்லை. ‘கொண்டுசேர்கூலி’ என்று மாற்றிக்கொள்வோம். சற்று நீளம், ஆனால் விளக்கம் வேண்டாம்.

முதல் மறுப்புக்கும் இடம் கொடுக்க வேண்டியதுதான். எதற்கு இணங்குகிறது என்பதைச் சொல்லுக்குள்ளேயே வைத்துச் ‘செந்தர இணக்க முத்திரை’ என்றால் இழுவண்டிக் குழப்பம் வராது. ‘விதியிணக்க முத்திரை’ என்றும் எண்ணிப் பார்த்தேன். ‘விதி’ அரசு விதித்ததாகத் தோன்றும் என்பதால் கைவிட்டேன். அந்தச் செந்தரத்தைப் பல மாநிலங்கள் தம் சட்டத்தில் ஏற்றிருப்பினும், முத்திரை அரசுடையது ஆகிவிடாது.

அந்தத் தனி இனம் பற்றிய ஐயத்துக்கு: முத்திரைக்குரிய தொகையைச் சங்கத்துக்குச் செலுத்துபவர் தயாரிப்பாளர், அது வண்டியின் விலைக்குள் அடங்க வேண்டிய உற்பத்திச் செலவு. முகவர் அதனைத் தனியே எழுதியிருந்தால் ‘முத்திரைச் செலவு’ என்று பெயர்த்து, ‘அரசுக்குரியதன்று, விலையில் ஏற்கெனவே சேர்ந்துள்ளதா என்று கேட்டறிக’ என ஓர் அடிக்குறிப்பு இடுங்கள். ‘கட்டணம்’ என்னும் சொல்லை மட்டும் அந்த இடத்தில் எழுதிவிடாதீர்கள்.