பனி கம்மியா இருந்தா பனிச்சரிவு வராதா? (டிசம்பர், உத்தராகண்ட்)

மண்டபம்_வாடை:
உச்சிப்புளி, மண்டபம் ஆட்கள் நாலு பேர் டிசம்பர் முதல் வாரம் மலையேறப் போறோம். 3,800 மீட்டர் வரைக்கும். வழக்கமான பாதையை விட்டு, வடக்குப் பார்த்த ஒரு சரிவை குறுக்கே கடந்து பக்கத்து மேட்டுக்குப் போய் வர ஆசை. கூட்டிட்டுப் போறவர் "பனி முழங்கால் அளவுகூட இல்லை, பயமே வேண்டாம்" என்கிறார். நம்பலாமா? என்ன சாமான் எடுக்கணும்?

வடமலை_நடை:
தம்பி, அவர் சொல்றது அடுத்த பெரிய பனிப்பொழிவு வரைக்கும்தான் சரி.

தரையை ஒட்டிய பனி 0 டிகிரி பக்கத்திலேயே இருக்கும். மேற்பரப்பு ராத்திரியில் மைனஸ் 15க்கு இறங்கும். பனி 2 மீட்டர் கனம் என்றால் இந்த வித்தியாசம் பரவிப் போகும். 40 செ.மீ. தான் என்றால் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் கிட்டத்தட்ட 4 டிகிரி. 10 செ.மீ.க்கு 1 டிகிரியைத் தாண்டினாலே கீழிருந்து ஆவி மேலேறி, துகள்களுக்கு இடையிலான பிடிப்பு போய்விடும். அள்ளி அமுக்கினால் உருண்டையாகாது, உதிரும். சுகர் ஸ்னோ என்பது இதைத்தான். தெற்குச் சரிவில் வெயில் பட்டு பழைய பனி கரைந்துவிடும். வடக்குச் சரிவில் அக்டோபர் பனி அப்படியே கிடக்கும். நீங்க கேட்ட அதே சரிவு!

அதன்மேல் ஒரே நாளில் 30 செ.மீ. விழுந்தால் மேலடுக்கு பாளமாக இறுகும். ஓர் ஆள் எடையில் அடியடுக்கு நொறுங்கி, பாளம் மொத்தமாக வழுக்கும். 30 முதல் 45 டிகிரி சரிவில்தான் பெரும்பாலும் நடக்கும். கோணத்தை போன் ஆப்பில் அளக்கலாம். நிற்கிற இடம் சமதளமாக இருந்தால் போதாது, தலைக்கு மேலே என்ன சரிவு என்று பாருங்கள்.

கைத்தடியைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடியைப் பனியில் மெதுவாக அழுத்துங்கள். முதலில் எதிர்த்துவிட்டு பிறகு 'பொதுக்'கென்று இறங்கினால் அடியில் பலமில்லை. காலடியில் 'வும்ப்' என்று அமுங்கும் சத்தம், முன்னால் ஓடும் வெடிப்பு, பக்கத்துச் சரிவில் புதுப் பனிச்சரிவின் தடம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வந்த வழியே திரும்புங்கள்.

தொண்டி_நெய்தல்:
காற்றை விட்டுட்டீங்களே அண்ணே. புதுப்பனி விழாமலே காற்று மட்டும் பாளம் கட்டிவிடும். கச்சான் காற்றில் தனுஷ்கோடி மணல் எப்படி நகர்ந்து மேட்டுக்கு மறுபக்கம் குவியுதோ, அதே கதை. மலைமுகட்டில் பனிப்புகை பறந்தால் காற்று படாத மறைவுப் பக்கம் ஏறாதீங்க. குறைந்த பனியில் இன்னொரு தொல்லை, பாறை மூடாமல் கிடக்கும். சின்னப் பனிச்சரிவு இழுத்தாலும் பாறையில் மோதித்தான் அடி.

கீழக்கரை_கருவி:
சாமான்: ஆளுக்கு ஒரு ட்ரான்ஸீவர் (புதைந்தவரைத் தேட சிக்னல் அனுப்பி வாங்கும் கருவி, 457 கிலோஹெர்ட்ஸ்), 240 செ.மீ.க்குக் குறையாத ப்ரோப் (பனியில் குத்திப் பார்க்கும் மடக்குக் கம்பி), உலோக மண்வாரி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்றது வீண். பேட்டரி பெரும்பாலான கருவிகளுக்கு அல்கலைன்தான். ரீசார்ஜபிள் போட்டால் மீதி சார்ஜைத் தப்பாகக் காட்டும். போனை ட்ரான்ஸீவரிலிருந்து 20 செ.மீ. தள்ளி வையுங்கள், தேடும்போது 50 செ.மீ. சாட்டிலைட் போன் அனுமதி வாங்காமல் எடுத்துப் போகாதீங்க, நம் நாட்டில் சட்டப்படி சிக்கல்.

புதைந்தவருக்கு முதல் 10, 15 நிமிடம்தான் நல்ல வாய்ப்பு. அதனால் இங்கேயே பழகிட்டுப் போங்க. அரியமான் கடற்கரையில் ஒரு ட்ரான்ஸீவரைப் பையில் போட்டு ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்துத் தேடலாம். அலையோரம் வேண்டாம், உப்புநீர் ஊறிய மணல் சிக்னலைத் தின்னும். காட்டும் தூரம் மிகக் குறைந்த புள்ளியிலிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுற்றிச் சுற்றி ப்ரோப் குத்துங்க. பட்டதும் அதை உருவ வேண்டாம். மலையில் தோண்டும்போது ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரம் சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளி ஆரம்பிக்கணும், நேர்மேலே நின்றால் புதைந்தவர் மூச்சுவிடும் இடத்தை நீங்களே மிதிப்பீங்க.

மண்டபம்_வாடை:
நன்றி. வடக்குச் சரிவை விட்டுடுறோம். இன்னொரு கேள்வி: அக்டோபரில் நேபாளத்தில் அன்னபூர்ணா சுற்று மலைநடைக்குப் போற நண்பருக்கும் இதே தானா?

வடமலை_நடை:
அங்கே வேறு கணக்கு, நம்ம வங்கக் கடலையும் பார்க்கணும். 2014 அக்டோபர் 12இல் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம்தான், இரண்டு நாள் கழித்து தோரோங் லா கணவாயில் (5,416 மீட்டர்) பனியாகக் கொட்டியது. அந்த வட்டாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். புயல் சின்னம் வடக்கே திரும்புதென்று வானிலை மையம் சொன்னால் அவர் கணவாய்க்குக் கீழேயே தங்கட்டும், பனி நின்ற பிறகும் ஒன்றிரண்டு நாள். டிசம்பரில் உங்களுக்கு மேற்கிலிருந்து மழையும் பனியும் கொண்டுவரும் வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்தான் கவனிக்க வேண்டியது.