நாலு பேர் எழுதிய கட்டுரை: 48 மேற்கோளும் எனக்கா, 12 மட்டுமா?

நண்பர்களுக்கு வணக்கம். கணிதத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பதவி உயர்வுக் கோப்பு தயார் செய்கிறேன், ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன்.

நாலு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்றுக்கு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் 48 மேற்கோள், அதாவது 48 கட்டுரைகள் அதைச் சுட்டியிருக்கின்றன. நாலு பேர் பக்கத்திலும் அதே 48 முழுசாக நிற்கிறது. 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் கொண்டுவந்த எச்-இன்டெக்ஸும் (மேற்கோள்களை வைத்து ஒருவரின் ஆய்வை அளக்கும் எண்) சேர்ந்து எழுதியவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை. ஆனால் எங்கள் கல்லூரிக் குழுவில் ஒருவர், "நாலால வகுத்து 12-னு போடுங்க சார்" என்கிறார். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதியைக் காட்டுகிறார். அதில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் முதல், முதன்மை அல்லது தொடர்பு ஆசிரியருக்கு (இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருப்பவர்) 70%, மற்றவர்களுக்குத் தலா 30% என்றுதான் இருக்கிறது. அதுவும் கட்டுரைக்கான மதிப்பெண்ணுக்கு. மேற்கோளை வகுக்கச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. (ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015-இல் வந்த கட்டுரையில் 5,154 பேர். தலா 30% போட்டுப் பாருங்கள்!)

இன்னொரு வயிற்றெரிச்சல். எங்கள் துறையில் பெயர்களை ஆங்கில அகரவரிசையில் போடுவதுதான் வழக்கம். என் பெயர் 'வி'-யில் தொடங்குவதால் நிரூபணத்தில் பாதி என்னுடையது என்றாலும் எப்போதும் கடைசிப் பந்திதான். அதனால் 30%.

அகரவரிசை வழக்கத்தை விளக்கி, சேர்ந்து எழுதியவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்து, 70% பெற்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கடிதத்தின் மாதிரி இருந்தால் அனுப்புங்கள். இனிஷியல் முன்னும் பின்னும் மாறியதில் என் கட்டுரைகள் இரண்டு பெயர்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரே பக்கத்தில் சேர்த்தால் கோப்பைப் பரிசீலிக்கும் குழு கேள்வி கேட்குமா? வெள்ளிக்கிழமை கோப்பைக் கொடுத்தாக வேண்டும்.